இடதுகால் செருப்பு

அடிக்கட்டும், விடுங்கள். எடுக்கக் கூடாது என்றுதான் எடுக்காமல் இருக்கிறேன். சத்தம் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், குறைத்துவிடுகிறேன். அணைக்க மட்டும் மாட்டேன். எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். கோவில்பட்டியில் ஏறியதிலிருந்து இது பதினோராவது. ஆறு அய்யலுசாமி, நான்கு ஜெபராஜ், ஒன்று என் மனைவி. அவள் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

நீங்கள் மதுரை வரையா? நல்லது. நான் திண்டுக்கல், தம்பி வீட்டுக்கு. நான் வருவது அவனுக்குத் தெரியாது. எதிர் சீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாமா? ஆள் இல்லையே. அந்தக் கட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஒன்றும் இல்லை. என் மனைவி சண்முகக்கனி கட்டியது. எதைச் செய்தாலும் அவளுக்கு அளவு தெரியாது, ஒரு முழம் போதும் என்கிற இடத்தில் மூன்று முழம் சுற்றுவாள்.

விஷயம் இதுதான். இன்றைக்குப் பத்து மணிக்குத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்து, இடது காலில் ஒரு விரலை எடுப்பதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தது நான் இல்லை. என் நண்பர்கள் இரண்டு பேர். ஒருவனிடம் கார் இருக்கிறது, ஒருவனிடம் வாய் இருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். “நீங்க காபி சாப்பிடுங்க, குளிச்சிட்டு வந்துடறேன்” என்றேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பின்வாசல் வழியாக வந்து ஆட்டோ பிடித்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் இருபது நிமிஷத்துக்கு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். எங்கள் ஊரில் தண்ணீரை அப்படிப் போக விடுவது பாவம்தான். வேறு வழியில்லை.

எதற்காக விரலை எடுக்கிறார்கள் தெரியுமா? ஒரு செருப்பு விஷயம். விளையாட்டாக ஆரம்பித்து, ஒப்புக்கொள்ள மனசில்லாமல், இதுவரை கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் வெளி ஆள். கேட்டுவிட்டு நியாயத்தைச் சொல்லுங்கள்.

என் பெயர் கோமதிநாயகம். சர்வேயர். நில அளவையில் முப்பத்தோரு வருஷம் ஆயிற்று, இன்னும் நான்கு வருஷம் பாக்கி. அய்யலுசாமி பாத்திரக்கடை வைத்திருக்கிறான். ஜெபராஜ் பாலிடெக்னிக்கில் வாத்தியார், நாசரேத் பக்கத்துக்காரன், அந்த ஊர்ப் பேச்சு இன்னும் போகவில்லை. மூன்று பேரும் ஏழு வருஷமாக மேல்நிலைப்பள்ளி மைதானத்தில் காலையில் நடக்கிறோம். நடந்தோம். ஐந்து ரவுண்டு. பிறகு சிமெண்ட் பெஞ்சில் அரை மணி நேரம் பேச்சு.

என்ன பேசுவோம் என்கிறீர்கள்? ஒரு காலத்தில் தேர்தல் பேசினோம், சினிமா பேசினோம், யார் வீட்டில் என்ன சண்டை என்று பேசினோம். ஐம்பது தாண்டியதும் எல்லாம் போய்விட்டது. நாக்கு ஒன்றையே சுற்றுகிறது.

“நேத்து எவ்வளவு வே?”

“வெறும் வயித்துல நூத்திப் பதினெட்டு.”

“எனக்கு நூத்தி இருபத்தாறு. ராத்திரி ரெண்டு முறுக்கு தின்னுட்டேன்.”

“உளுந்து முறுக்கா, தேன்குழலா?”

“தேன்குழல் மாதிரிதான் இருந்துச்சு. அதுல உளுந்து எவ்வளவு சேர்ப்பாவ?”

இரண்டு வளர்ந்த ஆண்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள், முறுக்கில் உளுந்து எத்தனை பங்கு என்று இருபது நிமிஷம் பேசியதைக் காதால் கேட்டவன் நான். முறுக்கு முடிந்தால் முழங்கால். முழங்கால் முடிந்தால் தூக்கம். தூக்கம் முடிந்தால் மலச்சிக்கல். அதற்கு மேல் ஒரு தலைப்பு கிடையாது.

அய்யலுசாமி கையில் மகன் வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஒன்று. அடிகளை எண்ணும், நாடி பார்க்கும், சும்மா உட்கார்ந்திருந்தால் எழுந்து நட என்று உறுமும். பெண்டாட்டி சொல்லி எழுந்திருக்காதவன் கடிகாரம் சொன்னதும் எழுந்து, கல்லாப்பெட்டியைச் சுற்றி நடப்பான். ஒரு ரவுண்டு நானூற்று அறுபது மீட்டர் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நான் டேப் பிடித்து அளந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. “உன் கடிகாரம் ரவுண்டுக்கு நாப்பத்தெட்டு மீட்டர் பொய் சொல்லுது” என்றேன். “விடுப்பா, நம்மளைப் பத்தி நல்லவிதமா பொய் சொல்ல அது ஒண்ணாவது இருக்கே” என்கிறான். இந்த ஆளிடம் என்ன பேசுவது?

ஜெபராஜ் வேறு ரகம். அவன் கம்பும் கேழ்வரகும் தின்று மற்றவர்களைக் கேவலமாகப் பார்க்கிறவன். டீக்கடையில் நின்றுகொண்டு டீ குடிக்காமல் இருப்பான். குடிக்கிறவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பான். மாஸ்டர் சீனி போடும்போது ஸ்பூனை எண்ணுவான். அப்படி ஒருவன் பக்கத்தில் நின்றால் டீ இறங்குமா?

எனக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. எனக்குச் சுகர் கிடையாது. பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள், பார்த்ததில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் வருகிறது. நான் சீனியே தொடுவதில்லை, கருப்பட்டிக் காபிதான், ஒரு நாளைக்கு ஐந்தாறு. இந்தாருங்கள், கடலைமிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் வாங்கினேன். இது வெல்லப்பாகு. வேண்டாமா? சரி, நான் சாப்பிடுகிறேன். தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுங்கள். நான் தண்ணீர் நன்றாகக் குடிப்பேன், சின்ன வயதில் இல்லாத பழக்கம், இப்போது இரண்டு வருஷமாக நாளைக்குப் பத்துப் பாட்டில். அதனால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். குடிக்கிறவன் போகத்தானே வேண்டும்.

என் காலைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இந்த விஷயம் புரியாது. எங்கள் துறையில் கருவிக்குப் பஞ்சமில்லை, இப்போது சாட்டிலைட்டே வந்துவிட்டது. ஆனால் எல்லைக்கல் மண்ணுக்குள் புதைந்துவிட்டால் எது வந்தும் பிரயோஜனமில்லை, தோண்டித்தான் தேட வேண்டும். நான் தோண்ட மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உழுத காட்டில் மெதுவாக நடப்பேன். அரை அடி ஆழத்தில் கல் இருந்தாலும் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். மண் அங்கே வேறு மாதிரி இருக்கும். “இங்க தோண்டு” என்பேன், கடப்பாறை டங் என்று கேட்கும். மூன்று தாலுகாவில் இதைச் சொல்வார்கள். நாயகம் சாருக்குக் காலில் கண் இருக்கிறது என்று ஒரு தாசில்தார் மேடையிலேயே பேசியிருக்கிறார்.

போன வருஷம் கயத்தாறு பக்கம் ஒரு உட்பிரிவு, நிலத்தைப் பாகம் பிரித்து அளக்கிற வேலை. அண்ணன் தம்பி தகராறு. நான் அந்த மூலையில் போக வர பத்துத் தடவை நடந்தேன், கல் இல்லை. தம்பிக்காரன் பிடுங்கிப் போட்டுவிட்டான் என்று தெரிந்துபோயிற்று. ‘கல் காணவில்லை’ என்று எழுதிப் புதுக்கல் நடச் சொன்னேன். அடுத்த மாதம் அந்தத் தம்பி வக்கீலோடு வந்து, ஆட்களை வைத்து, நான் நின்ற அதே இடத்தில் தோண்டி, நாலு விரல்கடை ஆழத்தில் பழைய கல்லை எடுத்துக் காட்டினான். எனக்கு மெமோ. எப்படி இருக்கிறது பாருங்கள். நான் போன பிறகு கொண்டுவந்து புதைத்திருக்கிறான். கல்லில் முப்பது வருஷத்து மண்ணும் வேரும் அப்பியிருந்ததாம். அதையெல்லாம் ஒட்டவைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அய்யலுசாமியிடம் இதைச் சொன்னேன். “நாயகம், சட்டுனு ஒருநாள் கால டாக்டர்ட்ட காட்டுவமா?” என்றான். கல்லைப் புதைத்தவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், இவன் டாக்டர் என்கிறான். எந்தப் பேச்சையும் சுகரில் கொண்டுபோய் முடிக்கிற வியாதி அது.

இப்போது செருப்புக்கு வருகிறேன். மூன்று மாதம் முன்பு, ஒரு வியாழக்கிழமை. அவர்கள் இரண்டு பேரும் ஷூ. நான் எப்போதும் செருப்புதான். மூன்றாவது ரவுண்டில் எனக்கு வேகம் கூடிவிட்டது, அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். நான்காவது ரவுண்டு முடிகிற இடத்தில் அய்யலுசாமி குறுக்கே வந்து நிற்கிறான். கையில் ஒரு செருப்பு, செத்த எலியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி.

“நாயகம், இது யாரு செருப்பு?”

“எவனாவது விட்டுட்டுப் போயிருப்பான். கீழ போடு.”

“கீழ பாருப்பா.”

பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறும் கால். மைதானத்தில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த பயல்கள், வேலிப் பக்கம் யோகா செய்கிற பெண்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எங்க எடுத்த?”

“அந்தக் கோல்போஸ்ட் கிட்ட கிடந்துச்சு. ஒண்ணரை ரவுண்டா நீ வெறுங்காலோட நடக்கிற. கூப்பிடக் கூப்பிடப் போயிட்டே இருக்க.”

“கிடக்கல. நீங்க எடுத்தீங்க.”

“நடக்கிற ஆள் கால்லேருந்து செருப்பை எப்படிப்பா எடுக்கிறது?”

“அதை நீதான் சொல்லணும்.”

நீங்களும் அதைத்தான் கேட்க வருகிறீர்கள் என்று தெரிகிறது. நானும் மூன்று மாதமாக அதைத்தான் யோசிக்கிறேன். வீட்டுக்குப் போய் அந்தச் செருப்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வார் அறுபடவில்லை. குமிழ் கழலவில்லை. ஒரு தடயம் இல்லை. அதுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

அய்யலுசாமிகூட வாயோரமாகச் சிரித்தான். ஜெபராஜ் சிரிக்கவே இல்லை. எனக்குச் சந்தேகம் உறுதிப்பட்டது அங்கேதான். அவன் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“வே, இதுல முள்ளுல்லா இருக்கு.”

கருவேல முள். ஒரு விரல் நீளம். பிடுங்கிக் காட்டினான்.

“வலிக்கலியா?”

“வலிச்சா சொல்ல மாட்டனா?”

முள்ளை முன்பே கையில் மறைத்து வைத்திருந்திருப்பான். வாத்தியார்களுக்கு இந்த மாதிரி வித்தை தெரியும்.

அன்றோடு மைதானத்துக்கு முழுக்குப் போட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்தேன். தனியாக பைபாஸ் ரோட்டில் நடந்தேன். விட்டார்களா? ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடிக்கும். நான் ஜன்னலைச் சாத்துவேன். ஒரு நாள் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே புது ஷூ. கச்சிதமாக என் அளவு. என் அளவு அய்யலுசாமிக்கு எப்படித் தெரியும்? செருப்பை வைத்து அளந்திருக்கிறான். அப்படியானால் அது எவ்வளவு நேரம் அவன் கையில் இருந்திருக்க வேண்டும், நீங்களே கணக்குப் போடுங்கள். அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஷூவை அப்படியே தூக்கிப் பரணில் போட்டேன்.

பரண் என்றதும் ஞாபகம் வருகிறது. இது போன வாரம். வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிற நாற்றம். கனியைக் கூப்பிட்டுப் பரணைச் சுத்தம் செய்யச் சொன்னேன். குத்துவிளக்கு, அண்டா, நிலம் வரைந்த பழைய புலப்பட நோட்டு, அந்த ஷூ, எல்லாவற்றையும் இறக்கினாள். எலி இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து இங்கே பார், அங்கே பார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஹாலுக்குப் போனால் நாற்றம் ஹாலுக்கு வருகிறது. சுத்தமாகப் பெருக்கத் தெரியாத பெண்பிள்ளை என்று சத்தம்கூடப் போட்டேன். கடைசியில் அவள் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். குனிந்தாள். வீட்டுக்குள்ளும் நான் கழற்ற மறந்திருந்த செருப்பைக் கழற்றினாள்.

“ஏங்க, இது எத்தனை நாளா இருக்கு?”

“எது?”

அவள் எழுந்துபோய் அய்யலுசாமிக்கு போன் போட்டாள். கட்டிய புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், பாத்திரக்கடைக்காரனுக்கு போன்.

ஒரு சின்னப் புண். முள் குத்திய இடத்துக்கு மேலே, இரண்டாவது விரலில். கொஞ்சம் கறுத்திருந்தது. வலி இருந்ததா? துளி இல்லை. வலிக்காத புண் என்ன புண்? இதைத்தான் எல்லாரிடமும் கேட்கிறேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அய்யலுசாமி கார், ஜெபராஜ் பேச்சு, கனி அழுகை. டாக்டர் சின்னப் பையன், என் மகள் வயது இருக்கும். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். முந்நூற்று எழுபது. அந்த மெஷினை நம்பலாமா, ரவுண்டுக்கு நாற்பத்தெட்டு மீட்டர் பொய் சொல்கிற காலம் இது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

அந்த டாக்டர் ஒரு குச்சியை எடுத்தார். நுனியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. “கண்ணை மூடிக்குங்க சார். நான் கால்ல தொடும்போதெல்லாம் ம்-னு சொல்லுங்க” என்றார். மூடிக்கொண்டேன். காத்திருக்கிறேன். ஃபேன் ஓடுகிறது. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று. ஒரு குழந்தை அழுகிறது. எவ்வளவு நேரம்தான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது?

“தம்பி, ஆரம்பிக்கலாமே” என்றேன்.

“முடிஞ்சுருச்சு சார்” என்றார்.

ஒவ்வொரு காலிலும் பத்து இடத்தில் தொட்டாராம். பொய். தொடவே இல்லை. கண்ணைத் திறந்து பார்க்கிறேன், அய்யலுசாமி சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிறான். தோள் குலுங்குகிறது. சிரித்துக்கொண்டிருக்கிறான், வேறென்ன. முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே போதும். கண் சிவக்கிற அளவுக்கா ஒரு மனுஷன் சிரிப்பான்?

“இப்ப எடுத்தா விரலோட போகும் சார். விட்டா கணுக்காலுக்கு ஏறும்” என்று டாக்டர் சொல்கிறார். இந்தக் காலைப் பற்றி யார் யாரிடம் சொல்வது?

ஆயிற்று, சாத்தூர் தாண்டிவிட்டோம். நியாயத்தைச் சொல்லுங்கள். ஏன் காலையே பார்க்கிறீர்கள்? சரி, சொல்ல வேண்டாம். நாமே சோதித்துவிடுவோம். சட்டைப் பையில் பேனா இருக்கிறதே, எடுங்கள். காலைத் தொடச் சொல்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பேனா முனைதானே படப்போகிறது. கட்டுப் போட்ட கால் வேண்டாம், அதைப் பற்றித்தான் தகராறு. வலது காலில் வையுங்கள். இது நல்ல கால். இதில் ஒருத்தனும் ஒரு குறை சொன்னதில்லை. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீங்கள் வைக்கிற ஒவ்வொன்றையும் சொல்கிறேன், பாருங்கள்.

ம். மூடிவிட்டேன்.

கூச்சப்படாதீர்கள். உங்களுக்கு அவர்களைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

என்ன, யோசிக்கிறீர்களா? பரவாயில்லை, நிதானமாக ஆரம்பியுங்கள்.

வைத்தாயிற்றா?

எத்தனை? ஆறா?

இருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒன்று. இரண்டு. மூன்று. ஓரமாக ஒன்று, நான்கு. இது ஐந்து. குதிகாலில் ஒன்று. நீல மை. இன்று காலையில்தான் கனி இரண்டு காலையும் கழுவித் துடைத்துவிட்டாள்.

உங்களுக்குக் கோவில்பட்டியில் யாரையாவது தெரியுமா? பாத்திரக்கடை அய்யலுசாமியை? அந்தக் கடையில் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா? இல்லையா. நிச்சயமாக இல்லையா.

ம்.

மிட்டாய்ப் பொட்டலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் இந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்? திரும்பிக் கோவில்பட்டிப் பக்கம் போகிற வண்டி எத்தனை மணிக்கு? எனக்காகக் கேட்கவில்லை. அந்த இரண்டு தடியன்களும் ஒன்றும் சாப்பிடாமல் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். ஜெபராஜுக்கு வேளைக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். விழுந்து வைத்தால் அதற்கும் நான்தான் காரணம் என்பார்கள்.

வேகம் குறைகிறதே, விருதுநகர்தானா? கொஞ்சம் வாசல் வரைக்கும் வருகிறீர்களா? கையைப் பிடிக்க வேண்டாம், எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. கால் படியில் பட்டுவிட்டதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.